தக்காளிச் செடிக்கு மருந்து கேட்கும் முன்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 11 வீட்டுக்காரர்கள் சேர்ந்து மொட்டை மாடியில் தோட்டம் போட்டிருக்கிறோம். டிசம்பர் தொடக்கத்தில் நட்ட 48 தக்காளிச் செடிகள் பொங்கல் வரை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. இப்போது சில செடிகளில் நுனி இலை சுருண்டு சிறுத்துவிட்டது. சிலவற்றில் அடி இலை மஞ்சளாகி உதிர்கிறது. இரண்டு செடிகள் பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கிவிட்டன. காய்களின் அடிப்பக்கம் கறுக்கிறது. ஒருவர் வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்கிறார், இன்னொருவர் எப்சம் உப்பு என்கிறார். மூன்றாமவர் கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு மருந்தை அடித்தே விட்டார். சுருண்ட செடிகளைப் பிடுங்கிவிடலாம் என்றால், அதில் ஒன்று எதிர்வீட்டுப் பெரியம்மாவின் பேரன் நட்டது. அதைத் தொடவே கூடாது என்கிறார். இது என்ன நோய்? என்ன மருந்து?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: நீங்கள் எழுதியிருப்பது ஒரு நோய் அல்ல, நான்கு தனித்தனிக் கோளாறுகள். நான்குக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. அதில் ஒன்றுக்கு மருந்தே இல்லை. இன்னொன்றுக்கு மருந்தே தேவையில்லை. எனவே அடுத்த இரண்டு நாளைக்கு யாரும் எதையும் தெளிக்க வேண்டாம், எந்த உரமும் போட வேண்டாம் என்று எல்லா வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். மண் காய்ந்த பைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும்.

தனி வீட்டுத் தோட்டத்தில் செடி வாடினால், நேற்று என்ன செய்தோம் என்று வீட்டுக்காரருக்கே தெரியும். பொதுத் தோட்டத்தில் அது யாருக்கும் முழுதாகத் தெரியாது. காலையில் ஒருவர் ஊற்றிய தண்ணீர் மாலையில் வருபவருக்குத் தெரிவதில்லை. ஒருவர் போட்ட உரத்தையே இன்னொருவரும் போடுகிறார். ஆகவே பொதுத் தோட்டத்தில் நோய் கண்டறிவது இலையைப் பார்ப்பதில் தொடங்குவதில்லை. நடந்ததை எல்லாம் ஒரே இடத்தில் சேர்ப்பதில்தான் தொடங்குகிறது.

முதலில் ஒரு படம் வரையுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் 48 பைகளையும் அவை இருக்கும் இடப்படி கட்டம் கட்டமாக வரையுங்கள். தண்ணீர்க் குழாய், கைப்பிடிச் சுவர், ஏசி வெளிப்பெட்டி, மழைநீர் இறங்கும் வாட்டம் எல்லாவற்றையும் குறியுங்கள். சுருண்ட செடிக்கு ஒரு நிறம், மஞ்சளான செடிக்கு ஒரு நிறம், வாடியதற்கு ஒன்று, காய் கறுத்ததற்கு ஒன்று எனப் புள்ளி வையுங்கள். அரை மணி நேர வேலைதான். ஆனால் பாதி விடை அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால், பறந்து வரும் பூச்சி கொண்டுவந்த நோய் என்று முதலில் சந்தேகப்படுங்கள். வாட்டத்தின் வழியே, ஒரு பையிலிருந்து வழிந்த தண்ணீர் அடுத்த பையைத் தொடும் வரிசையில் இருந்தால், மண்ணில் வாழும் கிருமியாக இருக்கலாம். சுவரோரச் செடிகள் மட்டும் வாடினால் வெயிலும் சுவரின் அனலும் காரணமாகலாம். ஏசி பெட்டியின் வெப்பக்காற்று படும் செடிகளுக்கும் இதே கதிதான். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய நாற்றுகள் மட்டும் கெட்டிருந்தால் நோய் நாற்றோடு வந்திருக்கும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. உயிருள்ள நோய் மெல்லப் பரவும்: இன்று இரண்டு செடி, ஒரு வாரத்தில் ஐந்து, அடுத்த வாரம் பத்து. மருந்துச் சூடு, உர மிகுதி, உப்புத் தண்ணீர் போன்றவை ஒரே நேரத்தில் பல செடிகளைத் தாக்கும். தக்காளியோடு பக்கத்திலுள்ள துளசியும் கொத்தமல்லியும் ஒரே மாதிரி கருகியிருந்தால், அது பெரும்பாலும் நோயாக இருக்காது. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் களைக்கொல்லி அடித்தார்களா, அதே தெளிப்பானை மாடிக்கும் கொண்டுவந்தார்களா என்று காவலரிடம் கேளுங்கள். களைக்கொல்லி பட்ட தக்காளியின் இளம் இலைகள் நூல் நூலாகக் குறுகி முறுக்கிக்கொள்ளும். பார்ப்பதற்கு வைரஸ் நோய் போலவே இருக்கும்.

சுருண்ட இலை: நுனியா, அடியா?

இதுதான் உங்கள் தோட்டத்தின் பெரிய கவலை. சுருண்டது எந்த இலை என்று பாருங்கள்.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் வெற்றிலைச் சுருள் போல மேல்நோக்கிச் சுருண்டு, தடித்து, ஆனால் பச்சை மாறாமல் இருக்கின்றனவா? நுனிக் கொழுந்து நன்றாகத் தளிர்க்கிறதா? அப்படியானால் பயமில்லை. வெயிலாலும் தண்ணீர் ஏற்றத்தாழ்வாலும் செடி தன்னைக் காத்துக்கொள்ளும் விதம் அது. காய்ப்பு அதனால் குறைந்துவிடாது.

நுனி இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, சுருண்டு நெளிந்து, கணுக்கள் நெருங்கி, செடி குட்டைப் புதராக நிற்கிறதா? பூக்கள் உதிர்கின்றனவா? அது இலைச்சுருள் வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. செடியை லேசாக ஆட்டினால் சாம்பல் பறப்பது போல வெள்ளைப் பொடிப் பூச்சிகள் எழும். அவை உட்காரும் இடம் இலையின் அடிப்பக்கம். கத்திரி, வெண்டை, செம்பருத்தி எதிலும் அவை பெருகும். எனவே தக்காளியை மட்டும் பார்த்தால் போதாது.

இந்த வைரஸ் ஏறிய செடியைக் குணப்படுத்தும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. வேப்பெண்ணெய் ஈயை விரட்டும், செடிக்குள் போன வைரஸை ஒன்றும் செய்யாது. பூக்கும் முன்பே சுருண்ட செடி இனிக் காய்க்கும் என்று காத்திருப்பது வீண். அது அடுத்த பைகளுக்கு நோய் வழங்கும் இடமாகத்தான் நிற்கும். ஏற்கெனவே காய் பிடித்து முதிரும் நிலையிலுள்ள செடியில் கடைசி நேரத்தில் நுனி சுருண்டால், ஈயைக் கட்டுப்படுத்திக்கொண்டு காய்களைப் பறிக்கும் வரை வைத்திருக்கலாம்.

பிடுங்குவதிலும் ஒரு முறை உண்டு. வெயில் ஏறும் முன், ஈக்கள் சுறுசுறுப்படையாத விடியற்காலையில், செடியின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, அடியில் சேர்த்துக் கட்டி, பிறகு வேரோடு எடுங்கள். திறந்தபடி பிடுங்கி மாடி முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தால், அதிலுள்ள ஈக்களை எல்லாச் செடிக்கும் நீங்களே அனுப்பிவைத்ததாகிவிடும்.

மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது. இலை கீழ்நோக்கி வளைந்து, அடிப்பக்கம் பழுப்பேறி மினுமினுத்தால் சிலந்திப்பேன் வேலையாக இருக்கலாம். வெள்ளைத்தாளைப் பிடித்து அதன்மேல் கிளையைத் தட்டுங்கள். ஊசிமுனை அளவுப் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதே முதல் வைத்தியம். இலையில் அடர்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தால் தேமல் வைரஸ். அது கை வழியாகவே பரவும். பீடி, சிகரெட் பிடித்த கையோடு தக்காளியைத் தொடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். புகையிலையில் இருக்கக்கூடிய இந்த வைரஸ் காய்ந்த இலையிலும் நெடுநாள் சாகாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நல்ல செடிகளை முதலிலும் சந்தேகத்துக்குரியவற்றைக் கடைசியிலும் தொடுங்கள்.

அடி இலை மஞ்சள்

தக்காளி வளர வளர அடியிலுள்ள இரண்டு மூன்று இலைகள் பழுத்து உதிர்வது இயல்பு. அதற்கு மேல் போனால் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

பழுப்புப் புள்ளிகளுக்குள், வெட்டிய மரத்தில் தெரிவது போல வளையத்துக்குள் வளையம் இருந்தால், அது முன்பருவ இலைக்கருகல் என்ற பூஞ்சாண நோய். அடியில் தொடங்கி மேலே ஏறும். தண்ணீர் ஊற்றும்போது மண் தெறித்து இலையில் படுவதும், மாலையில் இலை நனைந்து இரவெல்லாம் ஈரமாக இருப்பதும் இதை வளர்க்கும். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எடுத்து, அடித்தண்டில் ஒரு சாண் உயரத்துக்கு இலையில்லாமல் விடுங்கள். மண்மேல் காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்புங்கள். தண்ணீரைக் காலையில் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். கிள்ளிய இலைகளை உரக்குழியில் போட வேண்டாம்.

புள்ளியே இல்லாமல் முழு இலையும் சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. பையில் தினமும் தண்ணீர் ஊற்றும்போது சத்தும் கரைந்து வெளியேறும். மண்புழு உரம் இரண்டு கைப்பிடி போட்டுக் கிளறிவிட்டால், புதிதாக வரும் இலைகளில் மாற்றம் தெரியும். நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாக, அதுவும் முதிர்ந்த இலைகளில் இருந்தால்தான் மெக்னீசியக் குறைவு. எப்சம் உப்புக்கு வேலை இருப்பது அங்கே மட்டும். இதே அடையாளம் நுனி இலையில் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வளரும் செடிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். அங்கே எப்சம் உப்பு உதவாது.

பை ஈரமாக இருந்தும் இலை மஞ்சளானால், அடியிலுள்ள துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நான் போய்ப் பார்த்த ஒரு குடியிருப்பில், மஞ்சளான செடிகளுக்கு மூன்று வாரமாகப் பூஞ்சாண மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். தரை கறையாகக் கூடாது என்று ஒருவர் நல்லெண்ணத்தில் பைகளுக்குக் கீழே தட்டு வைத்திருந்தார். தட்டில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டிக் கிடந்தது. தட்டை எடுத்த பிறகு மிஞ்சிய செடிகள் தேறின.

பச்சையாக இருந்தே தலை தொங்கிய செடி

இதைத்தான் நாளைக் காலை முதல் வேலையாகப் பார்க்க வேண்டும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர்த் தாகம். ஈரமாக இருந்தும் செடி மாலையில் நிமிரவில்லை என்றால், அதைத் தியாகம் செய்துதான் உண்மையை அறிய முடியும்.

அடித்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் முங்கும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக இறங்கினால், அது பாக்டீரியா வாடல் நோய். வேளாண் அலுவலர்கள் வயலில் செய்யும் சோதனையும் இதேதான். இதற்கும் மருந்து இல்லை. செடியையும் பை மண்ணையும் சேர்த்தே அகற்றுங்கள். அந்த மண்ணை மற்ற பைகளோடு கலக்காதீர்கள். அந்தப் பையிலிருந்து வழிந்த தண்ணீர் எந்தப் பைகளைத் தொட்டது என்று உங்கள் படத்தில் குறித்து, அவற்றைக் கண்காணியுங்கள். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

பால் நூல் இறங்கவில்லையா? தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். தோலுக்கு அடியில் பழுப்புக் கோடு ஓடினால், அதிலும் அடி இலைகள் ஒரு பக்கமாக மெல்ல மஞ்சளாகி வந்திருந்தால், அது ஃபுசேரியம் வாடல். வேரைக் கழுவிப் பார்த்து, அதில் மணி மணியாக முடிச்சுகள் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அவரை, நிலக்கடலை வேரிலுள்ள நல்ல முடிச்சுகளை விரலால் உருட்டினால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு வேரோடு வேராக வீங்கியிருக்கும், உதிராது. இந்தப் பைகளில் அடுத்து செண்டுமல்லி வைப்பது நல்லது. அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும்.

வாடல் வந்த பைகளில் மீண்டும் தக்காளியோ கத்திரியோ மிளகாயோ நடக் கூடாது. மூன்றும் ஒரே குடும்பம், ஒரே எதிரி. பூஞ்சாணமோ நூற்புழுவோ இருந்த மண்ணை அக்னி நட்சத்திர வெயிலில் லேசாக நனைத்துப் பரப்பி, நிறமற்ற பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடி, நான்கிலிருந்து ஆறு வாரம் வையுங்கள். சென்னை வெயில் செலவில்லாத மருந்து.

கறுத்த காய்

காயின் அடி, அதாவது பூ இருந்த பக்கம், கறுத்துக் குழிந்து தோல் போலாகிவிடுகிறது என்றால் அது நோயே அல்ல. கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. மண்ணில் கால்சியம் இருந்தாலும் இது வரும். ஏனென்றால் கால்சியம் செடிக்குள் ஏறுவது தண்ணீரோடு மட்டுமே. இலை நிறைய நீரை ஆவியாக்குவதால் தன் பங்கை இழுத்துக்கொள்ளும், காய்க்குக் கடைசியில்தான் கிடைக்கும். ஒருநாள் பை காய்ந்து மறுநாள் வெள்ளமானால் முதலில் அடிபடுவது காய்தான்.

பொதுத் தோட்டத்தில் இந்தக் கோளாறு வருவதில் வியப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு யாராவது ஊற்றுவார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுகிறோம். திங்கட்கிழமை வாடிய செடியைப் பார்த்து மூன்று பேர் ஊற்றுகிறோம். இந்த ஏற்ற இறக்கம் அப்படியே காயில் வந்து நிற்கிறது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதில் தவறில்லை, ஆனால் அது கரைந்து பயன்பட மாதக்கணக்காகும். எப்சம் உப்பை இங்கே கண்டிப்பாகப் போடாதீர்கள். அதிலுள்ள மெக்னீசியம் கால்சியத்தோடு போட்டியிட்டு நிலைமையை மோசமாக்கும். தண்ணீரைச் சீராக்கினால் அடுத்து வரும் காய்கள் சரியாகும். கறுத்தது கறுத்ததுதான், கிள்ளி எடுத்துவிடுங்கள்.

காயில் வட்டமான ஓட்டை இருந்தால் அது காய்ப்புழு. காம்போரம் ஊசி குத்தியது போலத் துளையும், இலையில் கண்ணாடி போன்ற திட்டும் சேர்ந்திருந்தால் ஊசிப்புழு. இது தென் அமெரிக்காவில் தோன்றி 2014இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பூச்சி. பாதித்த காயையும் இலையையும் பறித்து, கட்டிய பையில் வெயிலில் போட்டு அழியுங்கள்.

அடித்த மருந்தை என்ன செய்வது?

மூன்றாம் வீட்டுக்காரரைக் கடிந்துகொள்ளாமல், அந்தப் பாட்டிலை வாங்கிப் பாருங்கள். நம் நாட்டுப் பூச்சிமருந்து லேபிளில் சாய்சதுரத்துக்குள் ஒரு நிற முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. குழந்தைகள் ஓடி விளையாடும் மாடியில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடமில்லை. அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் லேபிளில் இருக்கும். அந்த நாள் வரை ஒரு காயையும் சமைக்காதீர்கள். பாட்டிலே இல்லை, பெயரும் தெரியவில்லை என்றால் இப்போதுள்ள காய்களை மனம் ஒப்பிக் கழித்துவிடுங்கள்.

வெள்ளை ஈக்கு எதிராகப் பொதுவில் போதுமானவை இரண்டு. ஒன்று, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிடுவது. மற்றொன்று, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுக் காதிச் சோப்புக் கரைசல் கலந்து, வாரம் ஒருமுறை வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் தெளிப்பது. நண்பகலில் தெளித்தால் எண்ணெய் இலையைச் சுட்டுவிடும். முதலில் ஒரு செடியில் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் தீரவில்லை என்றால், செடியை வேரோடு எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ தோட்டக்கலை அலுவலகத்துக்கோ கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வழியிலேயே அழுகிவிடும். ஒரு இலையை மட்டும் காட்டினால் யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் வரைந்த படத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

பெரியம்மாவின் செடி

உங்கள் கடிதத்தில் என் மனம் நின்றது இங்கேதான். பேரன் நட்ட செடி பெரியம்மாவுக்கு வெறும் தக்காளி அல்ல. அதை நோய்ப் பட்டியலில் ஒரு புள்ளியாக மட்டும் பார்த்துப் பிடுங்கினால் செடி போகும், அவரும் தோட்டத்திலிருந்து போய்விடுவார்.

முதலில் அவரையும் பேரனையும் மாடிக்கு அழையுங்கள். செடியை மெல்ல ஆட்டி, எழும் வெள்ளை ஈக்களைக் காட்டுங்கள். பக்கத்துப் பையிலுள்ள நல்ல செடியையும் காட்டுங்கள். அந்தச் செடி பூக்கும் முன்பே சுருண்டிருந்தால், பிடுங்குவதற்கு முன்பே புது நாற்று ஒன்றைப் பேரன் கையில் கொடுங்கள். பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா ரக்ஷக் என்ற வீரிய ஒட்டு ரகம் இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கக்கூடியது. கிடைத்தால் அதையே விதைக்கச் சொல்லுங்கள். முளைத்ததிலிருந்து நடும் வரை, ஏறக்குறைய 25 நாள், நாற்றைக் கொசுவலையை விட நெருக்கமான நைலான் வலைக்குள் வைக்கட்டும். இளம் நாற்றில் வெள்ளை ஈ உட்காராமல் காப்பதே இலைச்சுருளைத் தடுப்பதில் பாதி வேலை. அந்தப் பொறுப்பைப் பேரனிடமே கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றே ஒரு நோட்டு வாங்கி, பேனாவோடு சேர்த்து மாடிக் கதவில் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, தண்ணீர் ஊற்றியவர், எந்த வரிசை, போட்ட உரம் அல்லது மருந்தும் அதன் அளவும், கண்ணில் பட்ட மாற்றம் என்று ஐந்தே பத்திகள். நோட்டில் எழுதாமல் யாரும் எதையும் தெளிக்கக் கூடாது. ஒரு செடியைப் பிடுங்குவதென்றால் அதை நட்டவரும் இன்னொருவரும் சேர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டு விதிகள் போதும்.

உங்கள் 48 செடிகளில் பல பிழைத்துக்கொள்ளும். அவற்றுக்கு இப்போது முதலில் தேவை மருந்து அல்ல, 11 வீட்டுக்காரர்களும் ஒரே நோட்டில் எழுதுவது. நாளைக் காலை தண்ணீர் ஊற்றியதும் முதல் வரியை நீங்களே எழுதுங்கள்.